சுல்மா ஞாயிற்றுக்கிழமை காயப்போட்ட துணி

எங்கள் ஊரான வில்ஸ்பேக்கில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். சட்டம் ஒன்றும் கிடையாது. ஊரில் பாதி வீடுகள் பந்தயப் புறா வளர்க்கிற வீடுகள். மீதிப் பாதி, புறா வளர்க்கிறவர்களுக்குப் பெண் கொடுத்த வீடுகள். பிரான்சில் எங்கோ விடியற்காலையில் திறந்துவிட்ட புறா நானூறு கிலோமீட்டர் பறந்து தன் கூண்டுக்கு மேலே வந்து சேரும்போது, கீழே கொடியில் ஒரு வெள்ளைத் துணி படபடத்தால் போதும். இறங்காமல் வட்டமடிக்கும். அது வட்டமடிக்கிற இரண்டு நிமிஷத்தில் பக்கத்து ஊர்க்காரன் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால் பிள்ளைகளை உள்ளே அடைத்து, நாயைக் கட்டிப்போட்டு, ஊரே கழுத்தை அண்ணாந்தபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

சுல்மா மட்டும் காயப்போடுவாள். ஆறு விரிப்பு. சொந்தக் கையால் அடித்துச் சீவிய ஆளி நாரில் நெய்த, கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை விரிப்புகள். ஒற்றை மனுஷிக்கு வாரத்துக்கு ஆறு விரிப்பு எப்படி அழுக்காகும் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. கொடிக் கயிற்றை அவள் கட்டியிருந்த இடம்தான் விஷயம். பக்கத்து வீட்டு ரெமியின் புறாக்கூண்டுக்கு நேர் எதிரே, வேலிக்கு இந்தப் பக்கம், அவன் இறங்குபலகையிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் கட்டியிருந்தாள். போர் முடிந்து பந்தயங்கள் மறுபடி தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. பதினோரு வருஷத்தில் ஒரு வாரம் தவறவில்லை.

புறாச் சங்கத்துக்காரர்கள் பங்குச் சாமியாரைத் தூது அனுப்பிப் பார்த்தார்கள்.

"ஓய்வுநாள்ல துணி வேலை பாக்கறது பாவம், சுல்மா," என்றார் அவர்.

"துவைச்சது சனிக்கிழமை, ஃபாதர். இன்னிக்குக் காயறது துணிதான். நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"மத்தவங்களுக்கு இடைஞ்சல் இல்லையா?"

"யாருக்கு இடைஞ்சல்னு பேரைச் சொல்லுங்க. அவர் எனக்குப் பண்ணின இடைஞ்சலையும் சேர்த்துப் பேசிடலாம்."

சாமியார் அவள் கொடுத்த சிக்கரிக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பீர்க்கடையில் சில வாலிபர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கயிற்றை அறுத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். தடுத்தவன் ரெமிதான். "விடுங்கப்பா, அவ பாட்டுக்குக் காயப்போடட்டும்," என்றான். பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. சுல்மாவின் காதுக்கு இது வந்தபோது அவள் காறித் துப்பினாள். யோக்கியனாக இருந்தால் அவனே வந்து அறுத்திருப்பான் என்பது அவள் கணக்கு.

அவள் கதை சின்னது. ஆளி நார் ஆலையில் வேலை பார்த்தவனுடைய மூன்றாவது மகள். பதின்மூன்று வயதில் அவளும் அதே ஆலைக்குப் போனாள். லெய் ஆற்றில் ஊறிய ஆளித் தட்டின் நாற்றம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் போகாது; தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருபத்திரண்டு வயதில் ஆஷீலைக் கட்டிக்கொண்டாள். ஆஷீல் செருப்புத் தைக்கிறவன், வீட்டிலேயே வேலை. சிரித்த முகம், குடித்தால் பாடுவான், கை நீட்டியது கிடையாது. சீதனம் என்று அவன் கொண்டுவந்தது இருபத்து நான்கு புறாக்கள். கூண்டு அவன் பெயரில், சங்கத்தில் உறுப்பினர் அவன், பீர்க்கடையில் பேச்சு அவனுடையது. கூண்டைச் சுரண்டிக் கழுவி, தீனி கலந்து, தண்ணீர் மாற்றியது சுல்மா. புறாவைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இந்த வாரம் இது பறக்கும், அது பறக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்கத்தான் ஆளில்லை.

ஆக்கிரமிப்புக் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில், எங்கள் பக்கத்துப் புறாக்களையெல்லாம் கொல்ல உத்தரவு வந்தது. புறா சேதி கொண்டுபோகும் என்று ஜெர்மன்காரனுக்குப் பயம். கொன்றால் மட்டும் போதாது. எண் பொறித்த வளையம் போட்ட காலை வெட்டிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சங்கத்தின் பதிவேட்டில் எத்தனை வளையமோ அத்தனை கால். பதிவேட்டை வைத்துக்கொண்டு ஊராட்சி மன்றத்து மேசையில் உட்கார்ந்து கால்களைச் சரிபார்த்தவன் சங்கச் செயலாளர் ரெமி.

ஆஷீலுக்குக் கை வரவில்லை. சுல்மாதான் இருபத்து மூன்று கழுத்துகளைத் திருகினாள். காலையும் அவளே வெட்டினாள். நான்கு நாள் புறாக் கறி சமைத்தாள். ஆஷீல் ஒரு வாய் தொடவில்லை, உருளைக்கிழங்கைத் தின்று மோர்க்கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இருபத்து நான்காவது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. அதைக் கொல்ல அவன் விடவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை. கொல்லையில் குளிர்காலத்தில் பயன்படாமல் கிடந்த ரொட்டி அடுப்புக்குள் வைக்கோல் போட்டு அதை ஒளித்துவைத்தார்கள். பதிவேட்டில் அந்த வளையத்துக்கு எதிரே "பருந்து கொண்டுபோயிற்று" என்று ரெமி எழுதிக்கொண்டான். கேள்வி கேட்கவில்லை.

இருவர் மட்டும் அறிந்த ரகசியம் ஐந்து வாரம் தாங்கியது. மார்ச் முதல் வியாழக்கிழமை, சுல்மா ஆலையில் இருந்தபோது, சிப்பாய்கள் வந்தார்கள். கூண்டைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் குனியவில்லை. வாசலில் நுழைந்தவர்கள் கொல்லைக்குப் போய் அடுப்புக் கதவைத் திறந்தார்கள். சுல்மா வீட்டுக்கு வந்தபோது அடுப்பு திறந்து கிடந்தது, பெட்டையும் இல்லை, புருஷனும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு அச்சடித்த தாள் வந்தது: ஜெர்மனியில் ஒரு முகாமில் விஷக் காய்ச்சலால் இறந்தான், தேதி இன்னது. உடம்பும் வரவில்லை, புதைத்த இடமும் தெரியவில்லை.

அதே மார்ச் மாதம் அதே வாரத்தில், ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து ரெமியின் மகன் நோயெலின் பெயர் காணாமல் போயிற்று. வேறு என்ன சாட்சி வேண்டும்? போர் முடிந்ததும் ரெமியைக் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்தார்கள். எழுத்தில் எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான், மூன்றாம் வருஷம் சங்கத்துக்குத் தலைவனானான். ஊருக்கு எல்லாம் தெரியும். ஊர் வாயில் கொழுக்கட்டை. சுல்மாவுக்குப் பழி தீர்க்க விரிப்பு ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதைக் காயப்போட்டாள்.

ஆனால் இந்த ரெமி கெட்டிக்காரன். விரிப்பு படபடத்தும் பரிசு வாங்கிக்கொண்டுதான் இருந்தான். ஐம்பத்தாறில் அவனிடம் ஒரு நீல நிற ஆண் புறா இருந்தது. எங்கள் ஊரில் புறாவுக்குப் பெயர் வைக்கிற வழக்கம் இல்லை. வளையத்தின் கடைசி எண்தான் பெயர். இது அறுபத்து மூன்று. அந்த வசந்தத்தில் மூன்று பந்தயத்தில் மூன்று முதல் பரிசு. ஜூன் மாதம் பிரான்சின் பூர்ஷ் நகரத்திலிருந்து தேசியப் பந்தயம், நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் புறாக்கள். ரெமி பீர்க்கடையில் சொன்னான்: "நெஞ்சு அடிக்கடி வலிக்குது. இந்த ஒண்ணுல முதல்ல வந்துட்டா நிம்மதியாச் செத்துருவேன்."

இதையும் யாரோ சுல்மாவிடம் வந்து சொன்னார்கள்.

"அப்படியா? அப்ப அவன் ரொம்ப நாள் உயிரோட இருக்கட்டும்," என்றாள்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். இந்தத் தடவை விரிப்பு போதாது. புறாவையே பிடித்துவிட வேண்டும். பிடித்து, அவன் வாயால் அந்த வார்த்தையைப் பிடுங்க வேண்டும். பதின்மூன்று வருஷமாக அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். செத்துப்போய்விட்டால் யாரிடம் கேட்பது?

அடுத்தவன் பந்தயப் புறாவைப் பிடிப்பது எங்கள் ஊரில் கொலைக்கு ஒரு படி மேலே. ஆனால் எப்படிப் பிடிப்பது என்று எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எப்படிப் பறக்கவைப்பது என்று எல்லாருக்கும் தெரியும். பந்தயக் காலத்தில் ஜோடியைப் பிரித்து வைப்பார்கள். வாரம் முழுக்க ஆண் தனியே, பெட்டை தனியே. கூடையில் அடைத்து அனுப்புகிற அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிஷம் பெட்டையைக் கண்ணில் காட்டிவிட்டுப் பிடுங்கிவிடுவார்கள். அந்த ஏக்கத்தில்தான் அது உயிரைக் கொடுத்துப் பறந்து வீட்டுக்கு வரும். இந்த முறைக்கு ஊரில் "தாரமிழப்பு" என்று பெயர். நிஜத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் பக்கத்து வீட்டில் இருந்தாள், அந்தப் பெயரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூசாமல் சொன்னார்கள்.

அறுபத்து மூன்றின் ஜோடி, கழுத்தில் வெள்ளை விழுந்த கோடுபோட்ட பெட்டை. சுல்மா அதை வேலி வழியே பார்த்திருந்தாள். ரயில் ஏறிப் பெரிய ஊர்ச் சந்தைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கிவந்தாள். பதின்மூன்று வருஷமாக ஆணியடித்துக் கிடந்த ஆஷீலின் கூண்டைத் திறந்து, சிலந்தி வலையை அடித்து, பொறிக்கதவின் கம்பிகளுக்கு எண்ணெய் போட்டாள். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. பந்தய நாள் காலையில் ஆறு மணிப் பூசைக்குப் போய்வந்து, ஆறு விரிப்பையும் காயப்போட்டாள். பெட்டையைச் சின்னக் கம்பிக்கூட்டில் வைத்துப் பொறிக்குப் பின்னால் வெளிச்சத்தில் நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீர். பிறகு வீட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

ஆறே காலுக்குத் திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னான். தெற்குக் காற்று. பதினொன்றரைக்கு ரெமி கூண்டுக்குக் கீழே வந்து நின்றான். கையில் பந்தயக் கடிகாரம்; புறாவின் காலில் மாட்டியிருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி அதற்குள் போட்டுத் திருகினால்தான் வந்த நேரம் பதியும், பதிந்தால்தான் வந்ததாகக் கணக்கு. அவன் மனைவி அலீதா வாசற்படியில் நின்றாள். பீர்க்கடைத் தொலைபேசியில் விசாரித்தவன் தெருவோடு ஓடிவந்து, நாட்டில் இன்னும் ஒரு புறாகூடப் பதியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ரெமி கடிகாரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்ததைச் சுல்மா பார்த்தாள். பார்த்து ருசித்தாள்.

பன்னிரண்டு மணி நாலு நிமிஷத்துக்கு அது வந்தது. தேவாலயக் கோபுரத்தைச் சுற்றவில்லை, கூட்டத்தோடு வரவில்லை. தனியாக, இறக்கையை மடக்கிக்கொண்டு கல்லெறிந்த மாதிரி இறங்கியது. பலகைக்கு வந்த கணத்தில் ஆறு விரிப்பும் ஒன்றாக விம்மின. அறுபத்து மூன்று மேலே எழும்பியது. ரெமி தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கி, "வா, வா, வா, என் ராசா, வா," என்று கெஞ்சினான். அது ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றில் சுல்மாவின் கூண்டுக்கு நேராக வந்தபோது பெட்டையைப் பார்த்துவிட்டது. இறங்கிக் கழுத்தை ஊதி ஒரு முழக்கம் போட்டுவிட்டுப் பொறிக்குள் நுழைந்தது. கம்பிகள் விழுந்தன.

சுல்மா கத்தியைக் கீழே வைத்தாள், கையை ஏப்ரனில் துடைத்தாள், அவசரமில்லாமல் ஏணியில் ஏறினாள். புறாவைக் கையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் அவளுக்கே மூச்சு நின்றது. என்ன மார்பு, என்ன பட்டு! இருதயம் விரலில் அடித்தது. இப்படி ஒன்றைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று. சனியனே, நீ ஏன் அவனுக்குப் போய்ப் பிறந்தாய் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கி வந்தபோது ரெமி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெள்ளை விரிப்பின் நிறத்தில் இருந்தது.

"சுல்மா. அது என் புறா. குடு."

"வந்து இறங்கினது என் கூண்டுல."

"விளையாடாதே. நாட்டுலயே இதுதான் முதல்ல வந்திருக்கு, தெரியுமா உனக்கு? ஊருக்கே பெருமை. குடு, உன் கால்ல விழறேன்."

"விழு. வேலி இருக்கு, பாத்து விழு."

"ரப்பர் வளையத்தை மட்டும் கழட்டிக் குடு. புறாவை நீயே வெச்சுக்கோ!"

சுல்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. "ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு. ஆஷீலைக் காட்டிக் குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றான் ரெமி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான், போதுமா? நான்தான் பண்ணினேன். குடு."

இந்த வார்த்தைக்காகப் பதின்மூன்று வருஷம் காத்திருந்தாள். அது வந்தால் வானம் இடிந்து விழும், மார்பில் கிடக்கிற பாரம் இறங்கும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். எச்சில் மாதிரி வந்து விழுந்தது. அவன் கண் அவளைப் பார்க்கவே இல்லை. புறாவின் காலைப் பார்த்தது.

"தூ," என்றாள். "இயேசுவைக் காட்டிக் குடுத்தது யாருன்னு கேட்டாலும் இப்ப நான்தான்னு சொல்லுவே. நாளைக்குப் பீர்க்கடையில உக்காந்து, புறாவுக்காகச் சும்மா சொன்னேன்னு சிரிப்பே. இந்தப் பதில் எனக்கு வேண்டாம்." புறாவை ஏப்ரனுக்குள் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"சுல்மா, நில்லு! எட்டு நிமிஷம் ஆச்சு! வேற எப்படிச் சொல்லணும்? எழுதித் தரவா?"

வாசற்படியிலிருந்து அலீதாவின் குரல் கேட்டது. மெல்லிய குரல்; பத்து வருஷமாகச் சுல்மா கேட்டிராத குரல். "அவ கேக்கறதை ஒழுங்காச் சொல்லு, ரெமி. நடந்ததை நடந்தபடி சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்."

ரெமி மனைவியைப் பார்த்தான். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சுல்மா எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தான்: கடிகாரத்தைப் புல்லில் வைத்து, தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தான். ஒரு காலிப் புறாக்கூடையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவன் கடிகாரத்தை மூடியதும் சுல்மா வேலிக்குத் திரும்பி வந்தாள். இனி வருவது நிஜம் என்று தெரிந்துவிட்டது.

"நோயெலுக்கு அப்ப இருபது வயசு," என்றான். "பட்டியல்ல பேர் வந்துருச்சு. நான் அந்த ஆபீசர்கிட்டப் போய்க் கெஞ்சினேன். அவன் கேட்டான், உன் பதிவேட்டுல எல்லாம் சரியா இருக்கான்னு. சும்மாதான் கேட்டான். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அவன் புரிஞ்சுக்கிட்டான். சொன்னா உன் பையன் வீட்டுல இருப்பான்னான். சொன்னேன்."

"அடுப்புன்னு சொன்னே."

"அடுப்புன்னு சொன்னேன். புறாவைக் கொல்லுவாங்க, அவனை ஒரு வாரம் உள்ள வெச்சு அனுப்புவாங்கன்னு நினைச்சேன். நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

"நம்பலை. நினைச்சதெல்லாம் இருக்கட்டும். எங்க ரெண்டு பேருக்குத்தான் அதுக்குள்ள புறா இருக்கறது தெரியும். வேலியில காது வெச்சுக் கேட்டியா? பெட்டை முனகினது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலை." ரெமி முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "அவன் காட்டினான்."

"யாரு?"

"ஆஷீல்."

"பொய். நாக்கு அழுகிப்போகும்."

"பிப்ரவரியில ஒரு நாள் வேலிகிட்டக் கூப்பிட்டான். நீ ஆலைக்குப் போயிருந்தே. வா, ஒண்ணு காட்டறேன்னான். அடுப்பைத் திறந்து எடுத்து என் கையில வெச்சான். 'இந்தக் கண்ணைப் பாரு ரெமி, இந்த மாதிரிக் கண்ணு இந்த நாட்டுல இன்னொண்ணு இருந்தாச் சொல்லு'ன்னான். ஊர்ல எல்லாப் புறாவும் செத்துப்போச்சு, என் கூண்டும் காலி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மறுநாளும் கூப்பிட்டான். எட்டு நாளோ பத்து நாளோ போனேன். 'சுல்மாகிட்ட மூச்சு விட்டுடாதே, கொன்னுடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பான்."

"பொய்," என்றாள் மறுபடியும்.

"இடது கால்ல நடு விரல்ல நகம் இல்லை. அடுப்புக் கதவுல மாட்டிப் பிஞ்சதுன்னு சொன்னான். நான் பாத்தப்ப இன்னும் ரத்தம் காயலை."

அந்த நகம் பிய்ந்தது அடுப்பில் வைத்த மூன்றாவது வாரம். அதற்குச் சாம்பல் தடவிக் கட்டியது சுல்மா. அந்த அடுப்புக்குள் கை விட்டவனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

தெருவில் எங்கோ ஒரு கடிகாரம் திருகுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மற்றவர்களின் புறாக்கள் வந்துகொண்டிருந்தன. ரெமி தலையைத் திருப்பவில்லை. தொப்பியை எடுக்கவும் இல்லை. தேவாலயத்தில் அரை மணி அடித்தது.

சுல்மா ஏப்ரனைப் பிரித்து, வேலிக்கு மேலே அலீதாவிடம் புறாவை நீட்டினாள். "வாங்கிக்கோ. தண்ணி காட்டு, இன்னும் குடிக்கலை." அலீதா வாங்கிக்கொண்டாள். அவள்தான் ரப்பர் வளையத்தைக் கழற்றி, தொப்பியை நகர்த்தி, கடிகாரத்தில் போட்டுத் திருகினாள். நூற்றுப் பதினேழாவது இடம் என்று மறுநாள் தெரிந்தது.

"நான் உன்னை மன்னிக்கலை, ரெமி," என்றாள் சுல்மா. "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு எந்திரிக்காதே. உன் மகன் வீட்டுல தூங்கினான், என் புருஷன் எங்கயோ குழியில கிடக்கான். நீ சாகறவரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன்."

"தெரியும்," என்றான் அவன்.

அவன் எழுந்து போனான், அலீதாவும் போனாள். சுல்மா கொல்லையில் நின்றாள். பழி தீர்ந்துவிட்டது. தேசியப் பந்தயம் போயிற்று, அவன் ஆசை போயிற்று, வாயால் வார்த்தையும் வந்துவிட்டது. கேட்டதெல்லாம் கிடைத்த பிறகும் கோபம் இறங்கவில்லை. அது வேறு பக்கம் திரும்பி நின்றது, அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஐந்து வாரமும் பெட்டையின் எச்சத்தைச் சாப்பாட்டுத் தூக்கில் அடைத்து, ஆலைக்குப் போகிற வழியில் ஆற்றில் கொட்டினாள், குப்பையில் கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. அந்தத் தூக்கிலேயே ரொட்டி கொண்டுபோக மனம் வராமல் மத்தியானம் பட்டினி கிடந்தாள். கூடப் பிறந்த அக்காவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட மறைத்தாள். அவள் பட்டினியோடு நார் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே ஆஷீல் அடுப்பைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் திருவிழாக் காட்டியிருக்கிறான்.

திட்டலாம் என்றால் ஆளில்லை. கல்லறையிலாவது போய் நின்று திட்டலாம், கல்லறையும் இல்லை. சுல்மா ரொட்டி அடுப்பின் முன்னால் போய் நின்றாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அவன்கிட்டயா காட்டினே? பீர்க்கடையில உன்கூட உக்காருவான், உறுப்பினர், பெரிய நிபுணன்! அவன் நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அது நல்ல புறாவா? தினமும் தீனி போட்டவ நான், நகத்துக்குக் கட்டுப் போட்டவ நான். எனக்குக் கண்ணு பாக்கத் தெரியாதுன்னா நினைச்சே? ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்கிட்டக் கேட்டியா ஆஷீல், இந்தப் புறா எப்படி இருக்குன்னு?"